காபி இல்லாத வீடு

சம்பளம் வாங்கும் பாதிரியார் இல்லை, சிலுவை இல்லை, காபியும் இல்லை. அமெரிக்காவில் பிறந்த ஒரு சபை, தென்னிந்தியாவில் சில ஆயிரம் பேருக்குப் புதிய சொந்தங்களைத் தந்திருக்கிறது. அதற்கு விலையும் உண்டு.

ஐதராபாத்திலோ ராஜமுந்திரியிலோ பெங்களூரிலோ, ஞாயிற்றுக்கிழமை காலை மார்மன் வழிபாட்டுக் கூடத்துக்குள் நுழைகிறவர் முதலில் கவனிப்பது இல்லாதவற்றைத்தான். சுவரில் சிலுவை இல்லை. பீடம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. அங்கி அணிந்த பாதிரியாரையும் காணோம். வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்த ஆண்கள், சேலையிலும் சுடிதாரிலும் பெண்கள், மடியில் நெளியும் குழந்தைகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் தட்டுகளை ஏந்தி வரிசை வரிசையாகப் போகிறார்கள். தட்டில் ரொட்டித் துண்டு, சின்னக் கிண்ணங்களில் திராட்சை ரசத்துக்குப் பதில் வெறும் தண்ணீர். அது முடிந்ததும் ஒரு குடும்பத் தலைவி எழுந்துபோய் ஒலிபெருக்கி முன் நின்று பத்து நிமிடம் பேசுகிறார். பேசச் சொல்லி முன்கூட்டியே அவரிடம் தலைப்பைக் கொடுத்திருப்பார்கள். அடுத்து ஒரு கல்லூரி மாணவர். கூட்டத்தை நடத்தும் ‘பிஷப்’ திங்கட்கிழமையானால் டிபன் பாக்ஸுடன் தன் பிழைப்பைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். பிஷப் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஏறக்குறைய ஐந்து வருடத்தில் இன்னொருவர் பிஷப்பாவார். இவர் திரும்பப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இவர்களின் அதிகாரபூர்வமான பெயர். வாயில் நுழைய நேரமாகும் இந்தப் பெயரையே முழுதாகச் சொல்ல வேண்டும், ‘மார்மன்’ என்று சுருக்கக் கூடாது என்று அப்போதைய உலகத் தலைவர் ரஸல் நெல்சன் 2018ல் கேட்டுக்கொண்டார். ஆனால் ஊர் வாய் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. உலகெங்கும் சுமார் 1.7 கோடிப் பேர் இந்தச் சபையின் பதிவேட்டில் இருக்கிறார்கள். இந்தியாவில் சுமார் 15,000 பேர். நூறு கோடியைத் தாண்டிய நாட்டில் இது ஒரு பெரிய கிராமத்தின் ஜனத்தொகை. ஆனால் அந்தக் கிராமம் ஐதராபாத், விசாகப்பட்டினம், ராஜமுந்திரி, பெங்களூர், சென்னை, கோவை, டெல்லி என்று சிதறிக் கிடக்கிறது. இவர்களில் ஒருவர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனால், அவருடைய உறுப்பினர் பதிவும் கூடவே போகிறது. மொழி தெரியாத புது ஊரில் சாமான்களை இறக்கிய கையோடு, ‘சகோதரர்’, ‘சகோதரி’ என்று அழைத்துக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். அடுத்த சில வாரங்களில் ஒரு வேலையும் தலையில் ஏறும். பியானோ வாசிக்கவோ, வருகைக் கணக்கு எழுதவோ, இரண்டு மூன்று குடும்பங்களைத் தவறாமல் போய்ப் பார்த்துவரவோ சொல்வார்கள்.

ஒட்டவைக்கும் பசை இந்த வேலைதான். இந்தியாவில் பெரும்பாலான வழிபாட்டு இடங்களில் சாதாரண பக்தன் பார்வையாளன். தட்டில் காசு போடுவான், பிரசாதமோ ஜெபமோ வாங்கிக்கொண்டு போவான். இங்கே பார்வையாளனுக்கு இடமில்லை. பத்தாவது தாண்டாதவரும் ஒரு வகுப்பு நடத்த வேண்டும். வாழ்க்கையில் மேடையே ஏறாத பெண் மேடை ஏற வேண்டும். ஆரம்பத்தில் கை நடுங்கும். இரண்டு வருடம் கழித்து அதே பெண் அலுவலகத்தில் மேலதிகாரியிடம் நிமிர்ந்து பேசுவதைப் பார்த்தால், நடுக்கம் எங்கே போயிற்று என்பது புரியும்.

வீட்டைத் தேடுவது மார்மன்களின் சரித்திரத்தோடு கலந்த விஷயம். 1830 ஏப்ரல் 6ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் தொடங்கிய இந்தச் சபை, அடுத்த பதினேழு வருடங்களில் ஊர் ஊராக விரட்டப்பட்டது. மிஸ்ஸூரி மாநில கவர்னர் 1838ல் இவர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று எழுத்து மூலமே உத்தரவிட்டார். 1844ல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறைக்குள் புகுந்த கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. மிஞ்சியவர்கள் பிரிகாம் யங் தலைமையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனார்கள். 1847 ஜூலையில், யாருக்கும் வேண்டாத ஓர் உப்பு ஏரிக்கரையில் கூடாரம் அடித்தார்கள். அதுதான் இன்றைய சால்ட் லேக் சிட்டி. ஸ்மித்தும் யங்கும் பல தாரங்களை மணந்தவர்கள். அந்த வழக்கத்தைச் சபை 1890ல் கைவிட்டது. ஆனாலும் மார்மன் என்றதும் வெளியாருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அந்த ஏரிக்கரையிலிருந்து இந்தியாவுக்கு ஆள் அனுப்பினார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1851ல் கல்கத்தாவில் முதல் ஊழியக்காரர் இறங்கினார். 1853ல் 13 பேர் கொண்ட குழு கல்கத்தா வந்தது. அவர்களில் நால்வர் சயாமுக்குப் போக வேண்டியவர்கள். சால்ட் லேக்கில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் சென்னைக்கு வந்தார். கையில் காசு கிடையாது. துரைமார் சமூகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பிரசங்கித்தார், பத்திரிகை கூட அச்சிட்டார். பலன் விரல்விட்டு எண்ணக்கூடியது. இவர்கள் புறப்பட்ட அதே 1852ல்தான் சபை பலதார மணத்தைப் பகிரங்கமாக அறிவித்திருந்தது. கப்பல் வருமுன்பே அந்தச் செய்தி வந்து சேர்ந்தது, மற்ற மிஷனரிகள் அதைத் தெருத்தெருவாகப் பரப்பினார்கள். 1856க்குள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள்.

ஆனால் தோல்விக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் மார்மன் ஆவதென்றால் மூட்டை கட்டுவது என்று அர்த்தம். ஞானஸ்நானம் பெற்றவர்கள் யூட்டாவில் வந்து கூட வேண்டும், அதுதான் ‘சீயோன்’. அதற்குக் கடன் கொடுக்க 1849ல் நிரந்தரக் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஐரோப்பாவின் ஏழைக் கூலிக்கு அது சொர்க்க வாசல். கொல்லைப்புறத்தில் குலதெய்வத்தையும் தெருக்கோடியில் தாய்மாமனையும் வைத்திருந்த இந்தியனுக்கு அதில் என்ன கவர்ச்சி இருக்க முடியும்? இந்தியாவில் சேர்ந்த மிகச் சிலரும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான்.

இருபதாம் நூற்றாண்டில் சபை மனசை மாற்றிக்கொண்டது. அவரவர் ஊரிலேயே இருங்கள், அங்கேயே சீயோனைக் கட்டுங்கள் என்றது. 2001ல் அன்றைய தலைவர் கார்டன் ஹிங்க்லி அந்தப் பழைய நிதியின் பெயரைச் சற்றே திருத்தி நிரந்தரக் கல்வி நிதி ஒன்றை அறிவித்தார். முன்பு கப்பலேறக் கடன். இப்போது உள்ளூரிலேயே படித்து வேலை தேடிக்கொள்ளக் கடன்.

சுதந்திர இந்தியாவில் கதை தனித்தனி மனிதர்களாகத்தான் தொடங்குகிறது. 1961 ஜனவரியில் டெல்லிக்கு வந்த ஸ்பென்சர் கிம்பல், மங்கள் தான் திப்தி என்ற இளைஞருக்கு யமுனை நதியில் இறங்கி ஞானஸ்நானம் கொடுத்தார். வட இந்தியாவின் ஜனவரி யமுனை எவ்வளவு ஜில்லிட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிம்பல் பின்னாளில் உலகத் தலைவரானார். கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்ற நெடுங்காலத் தடையை 1978ல் நீக்கியவர் அவர்தான்.

தமிழ்நாட்டின் முதல் பெயர் கோவையைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ். புத்தகங்கள் மூலம் சபையைப் பற்றித் தெரிந்துகொண்டு, தானாகவே சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதி, ஞானஸ்நானம் கேட்டு நச்சரித்து, 1965ல் பெற்றார். அந்தக் காலத்துக் கோவையில் அவருக்குப் பக்கத்துத் தெருவிலோ பக்கத்து ஊரிலோ இன்னொரு மார்மன் இல்லை. பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. திருத்துவதாஸ் என்றால் திரித்துவத்தின் தாசன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே பொருள் என்ற கோட்பாட்டை ஏற்காத சபையில் அந்தப் பெயரோடு சேர்ந்தார் அவர்.

தனிமனிதர்கள் வீடு கட்ட முடியாது, குடும்பம் வேண்டும். அது 1978 டிசம்பரில் ஐதராபாத்தில் நடந்தது. பூச்சியியல் நிபுணரான எட்வின் தர்மராஜுவும் மனைவி எல்சியும் மேற்கு சமோவாவில் வேலை பார்த்தபோது, 1977ல் மார்மன்களானார்கள். எங்கோ பசிபிக் தீவில் கண்டுபிடித்ததைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சபையின் அனுமதியுடன் குறுகிய கால ஊழியக்காரர்களாக ஊருக்கு வந்தார்கள். அந்த மாதமே உறவினர்கள் 22 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். எல்சியின் தந்தையோ பாப்டிஸ்ட் போதகர். மார்மன் புஸ்தகத்தைத் தெலுங்கில் மொழிபெயர்க்கும் வேலை அவரிடமே வந்து சேர்ந்தது. சரியாக நூறு வருடம் முன்பு, 1878 ஜூலையில், அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் ஓங்கோல் அருகே ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள், பெரும்பாலோர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அந்த எண்ணிக்கையின் முன்னால் 22 ஒன்றுமேயில்லை. ஆனால் இந்த 22 பேரும் ஒரே உறவு வட்டம். பெரியப்பா, சித்தி, மருமகன் என்ற பழைய நூலிலேயே புது மணிகள் கோக்கப்பட்டன. இன்றும் இந்திய மார்மன்கள் தெலுங்குப் பகுதிகளில் அதிகம் இருப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1982ல் மார்மன் புஸ்தகத்தின் தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் வந்தன. சிங்கப்பூரிலிருந்து நிர்வகிக்கப்பட்ட இந்தியாவுக்கு, 1993 ஜனவரியில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மிஷன் அமைந்தது. அதன் முதல் தலைவர் குர்சரண் சிங் கில், பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் மார்மனாகி, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கணிதம் போதித்தவர். 2012 மே 27ல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் ‘ஸ்டேக்’ அமைக்கப்பட்டது. பல சபைகள் சேர்ந்த வட்டம்தான் ஸ்டேக். ஏசாயா தீர்க்கதரிசி சொல்லும் கூடாரத்தின் முளையிலிருந்து வந்த பெயர். அதை அமைக்க வந்த டாலின் ஓக்ஸ், 2025 அக்டோபரில் சபையின் உலகத் தலைவரானார்.

சபையின் பக்கத்தில் பெயர்ப் பட்டை குத்திய இளைஞர்கள் ஜோடி ஜோடியாகத் திரிவதை நகரவாசிகள் பார்த்திருக்கலாம். பையன்கள் 18 வயதிலிருந்து இரண்டு வருடம், பெண்கள் 18 வயதிலிருந்து ஒன்றரை வருடம் ஊழியம் செய்யலாம். இந்தியாவில் அவர்கள் கண்ட கதவுகளையெல்லாம் தட்டுவதில்லை. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் அறிமுகப்படுத்தும் வீட்டுக்குத்தான் போகிறார்கள். ஜோடியில் யார் என்பதை மிஷன் தலைவர் முடிவு செய்வார். இருபத்து நாலு மணி நேரமும் ஒருவரையொருவர் பிரியக் கூடாது. ஒரு தமிழ்ப் பையனும் ஒரு தெலுங்குப் பையனும் பெங்களூரின் ஓர் அறையில் சேர்ந்து சமைத்து, சேர்ந்து துவைத்து, சேர்ந்து ஜெபித்து, சாம்பாரில் சர்க்கரை போடுவது பாவமா என்று சண்டையும் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். தேசிய ஒருமைப்பாட்டுக்கு அரசாங்கம் நடத்தும் முகாம்களைவிட இது அதிகம் சாதிக்கிறது என்று தோன்றினால் தப்பில்லை.

‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்ற விளியும் தன் வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் அந்தச் சொல்லோடு குடும்பப் பெயரைச் சேர்ப்பார்கள். தமிழனுக்கு அப்படி ஒன்று இல்லாததால் அப்பா பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிட வேண்டிவருகிறது. ஆந்திராவிலோ குடும்பப் பெயரிலும் பட்டத்திலும் ஜாதியின் சாயல் தெரியும். பிரதர் என்று சொல்லிவிட்டு ஜாதியைச் சொன்னால் என்ன லாபம்? சொந்தப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடும் இந்திய வழக்கம்தான் இங்கே பொருத்தம். ஜாதி இல்லை என்று மேடையில் சொல்வது சுலபம். யார் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள், யாருக்கு யார் பெண் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அது தெரியும். முதல் பரீட்சையில் பாஸ் மார்க் கிடைக்கிறது. வீடு வீடாகப் போய் விசாரிக்கும் கடமை அதைத் தானாகவே செய்துவிடுகிறது. இரண்டாவது கடினம். பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணம் வழக்கமாக உள்ள சமூகத்தில், பதினைந்தாயிரம் பேருக்குள் அதே சபை, அதே மொழி, பொருத்தமான வயது என்று வடிகட்டினால் மிஞ்சுவது கைப்பிடிதான். அதிலும் ஜாதி பார்க்க ஆரம்பித்தால் யாருமே மிஞ்சமாட்டார்கள். வேறு வழியில்லாத இந்தக் கணக்கு, பிரசங்கம் சாதிக்காததையும் சில நேரம் சாதித்துவிடுகிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு, அதற்கு ஆகும் பணத்தையாவது சபையின் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். வாடகை கட்ட முடியாதவர், மருத்துவச் செலவில் மாட்டிக்கொண்டவர் பிஷப்பிடம் போகலாம். கொடுத்தவர் யாரென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை மாலை குடும்பத்தோடு உட்கார்ந்து பாட வேண்டும், பேச வேண்டும், விளையாட வேண்டும். 1915லிருந்து சபை வலியுறுத்தும் பழக்கம் இது. சாராயத்தில் சம்பளம் கரைந்த வீட்டுப் பெண்ணுக்கு, குடிக்காத, புகைக்காத, திங்கள் மாலை வீட்டிலேயே இருக்கும் கணவன் என்பது எந்த வேதாந்தத்தையும்விட வலுவான வாதம்.

குடிக்காததில் ஒன்றுதான் உதைக்கிறது. 1833ல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் ‘ஞான வார்த்தை’ மதுவோடும் புகையிலையோடும் சூடான பானங்களையும் விலக்குகிறது. சூடான பானங்கள் என்றால் காபியும் டீயும் என்று சபை விளக்கம் சொல்கிறது. அமெரிக்காவில் இது உடல்நல விவகாரம். கும்பகோணத்திலும் குண்டூரிலும் இது உறவு விவகாரம். வீட்டுக்கு வந்தவர் காபியை மறுத்தால், அவர் மறுப்பது காபியை மட்டுமல்ல. இந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சொல்லும் ஜாதிக்காரரின் நினைவு வரும். பகை என்று நினைப்பார்கள். பெண் பார்க்க வந்த இடமென்றால் கேட்கவே வேண்டாம். மோர் இருக்கிறதா, தண்ணீர் போதும் என்று சமாளிக்கப் பழகாத இந்திய மார்மன் இல்லை.

பெரிய பிளவு காபியில் இல்லை. இந்தியாவில் இந்தச் சபையில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். சி.எஸ்.ஐ., பாப்டிஸ்ட், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று ஏதோ ஒரு சபையில் பிறந்து வளர்ந்தவர்கள். சேரும்போது மறுபடி ஞானஸ்நானம் பெற வேண்டும். பழைய ஞானஸ்நானத்தை இவர்கள் ஏற்பதில்லை. இவர்களுடையதை மற்றவர்களும் ஏற்பதில்லை. மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று வாடிகன் 2001ல் அறிவித்தது. பைபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு வேதத்தை வைத்தவர்கள், கிறிஸ்தவர்களே அல்ல என்பது பல போதகர்களின் தீர்ப்பு. இந்துப் பெரும்பான்மையின் கண்ணுக்கு இவர்கள் எல்லோரையும் போலக் கிறிஸ்தவர்கள், அதிலும் அமெரிக்கப் பணத்தில் வந்தவர்கள். மதமாற்றத் தடைச் சட்டங்கள் ஒரிசாவில் 1967லும் மத்தியப் பிரதேசத்தில் 1968லும் ஆரம்பித்து, பிற்காலத்தில் மேலும் பல மாநிலங்களில் வந்தன. சிறுபான்மைக்குள் ஒரு சிறுபான்மை. ஆண்டாண்டாகக் குடும்பமே போய்வந்த பழைய கோயிலின் மணிச்சத்தம் கேட்கும் தூரத்திலேயே வீடு இருக்கும்; கிறிஸ்துமஸ் இரவு அங்கே போகாமல் இருப்பது எப்படி என்பதை அந்த வீட்டுப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும். பாட்டி இறந்தால் எந்தக் கல்லறைத் தோட்டம் என்ற கேள்வி அதைவிடச் சங்கடமானது. கல்லறைகள் பெரும்பாலும் பழைய சபைகளின் கையில்.

வீட்டுக்குள்ளும் எல்லோருக்கும் நாற்காலி ஒரே உயரமில்லை. குருத்துவம் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குத் தனி அமைப்பு, தனித் தலைமை எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பெண் பிஷப்பாக முடியாது. ஓரினச் சேர்க்கையாளர்களை வைத்துச் சபை 2015ல் கடுமையான விதி ஒன்றைக் கொண்டுவந்து, 2019ல் திரும்பப் பெற்றது. அடிப்படைப் போதனை மாறவில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். அதைக் கட்டாதவர் ஆலயத்துக்குள் போக முடியாது. மறுபக்கம், சபை தன் முதலீடுகளின் அளவைத் துணைக் கம்பெனிகளின் பெயரில் மறைத்ததாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2023ல் நடவடிக்கை எடுத்தது. சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டின. மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளத்தில் ஆயிரத்து ஐந்நூறை எண்ணி வைக்கும் ராஜமுந்திரி குடும்பம் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருக்கும்? பதிவேட்டில் பெயர் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை வராதவர்கள் உலகம் முழுவதும் இந்தச் சபைக்கு ஏராளம். வெள்ளைச் சட்டையும் அன்பான வரவேற்பும் இழுத்து வந்த வேகத்தில், சில மாதங்களில் மறைந்துபோனவர்கள்.

தங்கிவிட்டவர்களைக் கேட்டால், பேச்சு ஒரு விஷயத்தில் போய் முடியும்: ஆலயம். ஞாயிறு கூடும் கூடம் வேறு, ஆலயம் வேறு. ஆலயத்தில் மட்டுமே கணவனும் மனைவியும் இந்த ஜென்மத்தோடு முடியாமல் நித்தியத்துக்கும் ‘முத்திரை’ போட்டு இணைக்கப்படுகிறார்கள், பிள்ளைகளும் அப்படியே. இந்தியாவில் ஆலயம் இல்லாத காலத்தில் இதற்காக ஹாங்காங் போக வேண்டியிருந்தது. அங்கே 1996ல் ஆலயம் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணிலா போன்ற தூரத்து ஊர்கள்தான். பாஸ்போர்ட், விசா, நான்கைந்து பேருக்கு விமான டிக்கெட். உள்ளூர் ரயிலுக்கே யோசிக்கும் குடும்பங்கள் வருடக்கணக்கில் சேமித்துப் போய்வந்தன. காசிக்குப் போவதற்கென்று அந்தக் காலத்தில் முடிச்சில் காசு முடிந்தவர்களுக்கு இது புரியும். 2018 ஏப்ரலில் பெங்களூரில் ஓர் ஆலயம் கட்டப்படும் என்று நெல்சன் அறிவித்தார், அதே மாதம் நேரிலும் வந்தார். 2020 டிசம்பர் 2ல், கொரோனா நேரத்தில், பணி தொடங்கியது.

ஆலயத்தில் நடக்கும் இன்னொரு சடங்குதான் வெளியாரை முகம் சுளிக்கவைப்பது. இறந்துபோன முன்னோர்களுக்காக, உயிரோடிருக்கும் பிள்ளைகள் பதிலாளாக நின்று ஞானஸ்நானம் பெறுகிறார்கள். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆவியின் விருப்பம் என்பது இவர்கள் கோட்பாடு. நாஜி முகாம்களில் மாண்ட யூதர்களுக்கும் இப்படிச் செய்தது தெரியவந்து, யூத அமைப்புகளின் கண்டனத்துக்குப் பிறகு 1995ல் அதை நிறுத்துவதாகச் சபை ஒப்புக்கொண்டது. மகாத்மா காந்திக்கே இப்படி ஒரு ஞானஸ்நானம் நடந்ததாக அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் சொன்னது 2012ல் செய்தியானது. அவரவர் சொந்த முன்னோர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சபை உறுப்பினர்களுக்கு உத்தரவு போட்டது.

ஆனால் இந்தியனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பவனும், கயாவில் பிண்டம் வைப்பவனும் நம்புவதும் ஏறக்குறைய இதுதான். இருப்பவன் செய்வது இல்லாதவனுக்குப் போய்ச் சேரும். கிறிஸ்தவனானபோது அறுந்துபோன அந்த நூலை இந்தச் சபை வேறு வடிவில் எடுத்துக் கொடுக்கிறது. வம்சாவளி தேடுவதை மதக் கடமையாக வைத்திருக்கும் மார்மன்களின் யூட்டா வம்சாவளிச் சங்கம், ஹரித்துவாரின் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த யாத்திரிகர் வம்சப் பேரேடுகளையும் மைக்ரோபிலிமில் எடுத்து வைத்திருக்கிறது. கங்கைக்கரையில் தாத்தா போட்ட கையெழுத்தின் நகல் யூட்டாவில் இருக்கலாம்.

தென்னிந்தியனுக்கு ஹரித்துவார்ப் பேரேடு உதவாது. கிறிஸ்தவனாக மாறிய கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும். அது அன்று கொடுத்த புதுப்பெயர். பழைய பெயர் யாருக்குத் தெரியும்? வம்ச மரப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும், தமிழனிடம் இருப்பது இனிஷியல். அப்பாவின் அம்மாவுக்குப் பெயர் ‘அப்பாயி’. அதற்கு மேல் கேட்டால் வீட்டில் ஒருவரும் விழிப்பார்கள். கேட்கக்கூடிய ஒரே ஆள் கிராமத்தில் இருக்கும் அத்தைப்பாட்டி. ‘வேறே கோயிலுக்கு’ப் போன நாளிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. ஊழியம் முடித்து வந்த பேரன் நோட்டுப் புத்தகத்தோடு திண்ணையில் உட்காருகிறான். எதுக்குடா செத்தவங்க பேரெல்லாம் என்று கிழவி முதலில் முறைத்தாலும், கேட்டது தன் மாமியாரின் பெயர் என்பதால் வாய் சும்மா இருப்பதில்லை. விரல் மடக்கி ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பிக்கிறாள். அம்மை வந்து போன பிள்ளை, ரங்கோனுக்குப் போய்த் திரும்பாத கொழுந்தன், பிறந்த அன்றே பெயரில்லாமல் போனது. நடுவில் மருமகள் டம்ளரில் காபி கொண்டுவந்து வைக்கிறாள். அவன் மோர் இருக்கிறதா என்று கேட்கிறான்.